பகல் வெயிலை வெந்நீராகச் சேமிப்போம்

மாடியில் சோலார் பலகை வைத்துள்ள சில குடும்பத்தார், பேட்டரியும் வாங்கலாமா என்று நம் டிரஸ்ட் அலுவலகத்தில் கேட்கிறார்கள். விலையோ லட்சத்தைத் தொடுகிறது. கடனில் இறங்கும் முன் யோசியுங்கள்: சேமித்த மின்சாரத்தை இரவிலும் அதிகாலையிலும் எதற்குச் செலவிடப் போகிறீர்கள்? நம் நீலகிரிக் குளிரில் பெரும்பங்கு வெந்நீருக்குத்தான். பஜ்ருக்கு எழும் முதியவர்கள் ஒளுச் செய்யவும், பள்ளி செல்லும் பிள்ளைகள் குளிக்கவும் அது வேண்டும். அதற்குப் பேட்டரி எதற்கு? நண்பகலிலேயே தண்ணீரைச் சூடாக்கி, சூடு வெளியேறாத தொட்டியில் வைத்தால் போதுமே.

100 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்றச் சுமார் 4.7 யூனிட் வேண்டும். ஒரு கிலோவாட் பலகை நல்ல வெயில் நாளில் ஏறக்குறைய 4 யூனிட் தரும். ஆக, ஒரு நடுத்தரத் தொட்டி ஒரு சிறு பேட்டரி அளவுக்குச் சேமிக்கிறது. நல்ல உறையுள்ள தொட்டியில் இரவு முழுவதும் சில டிகிரிதான் குறையும்.

குளிர் நாடுகளில் இதே முறையில் வீட்டையே சூடேற்றுகிறார்கள். பிரிட்டனில், இரவில் மலிவாகக் கிடைக்கும் மின்சாரத்தால் செங்கல் போன்ற கட்டிகளைச் சூடாக்கிவைக்கும் ஹீட்டர்கள் பல வீடுகளில் உண்டு. பின்லாந்தின் கான்கான்பா ஊரில் 2022-இல் இரும்புக் கலன் ஒன்றில் 100 டன் மணலைக் கொட்டி, காற்றாலை, சோலார் மின்சாரத்தால் 500 டிகிரிக்கு மேல் சூடேற்றி, 8,000 யூனிட் வரை சேமித்தார்கள். அந்தச் சூடு குழாய் வழியாகக் கட்டடங்களுக்குப் போகிறது. மணல்தான்!

நெட் மீட்டர் உள்ளவர்களுக்கு இதில் பெரிய ஆதாயம் இல்லை. மிஞ்சும் மின்சாரம் ஏற்கனவே கணக்கில் வரவாகிறது. இன்னும் பலகையே வாங்காமல், வெந்நீர் மட்டும் போதும் என்பவர்களுக்கு வழக்கமான சோலார் வாட்டர் ஹீட்டரே சிக்கனம். நெட் மீட்டர் இல்லாமல் பகல் மின்சாரம் வீணாகும் வீடுகளுக்கே இந்த யோசனை. அவர்களும் பலகையின் திறனுக்கு மேற்படாத ஹீட்டர் கம்பியைப் போட்டு, டைமரை 11 மணியிலிருந்து 3 மணி வரை வைத்துக்கொள்ள வேண்டும். 2 கிலோவாட் கீசரை ஒரு கிலோவாட் பலகையோடு ஓட்டினால் மீதியை மின்வாரியத்திடம்தான் வாங்குவீர்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இன்வெர்ட்டர் வேண்டாம், பலகைக் கம்பியை நேரே கீசரில் கொடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பலகையில் வருவது டி.சி.; சாதாரணக் கீசரின் தெர்மோஸ்டாட் ஏ.சி.க்குச் செய்தது. ஏ.சி. மின்சாரம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால், தெர்மோஸ்டாட் முனைகள் விலகும்போது எழும் பொறி உடனே அணையும். டி.சி.யில் அது எரிந்துகொண்டே இருக்கும். முனைகள் உருகி ஒட்டிக்கொண்டால் தண்ணீர் கொதித்து அழுத்தம் ஏறும், தீயும் பிடிக்கலாம். வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீசியனிடமே கொடுங்கள். எர்த், பிரஷர் வால்வு இரண்டையும் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள்.

60 டிகிரி நீர் சில நொடிகளிலேயே குழந்தையின் தோலைப் பொசுக்கும். பக்கெட்டில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகே வெந்நீர்.