கேஸ்கெட்டை மாற்றினால் போதுமா?

சுங்கை வேயில் 1970-களில் தடையற்ற வாணிப மண்டலம் உருவானது முதல், நம்மவர் பலர் அங்குள்ள தொழிற்சாலைகளை நம்பியே குடும்பம் நடத்தி வந்திருக்கிறார்கள். எந்தத் தொழிற்சாலைக்குப் போனாலும் பின்புறத்தில் ஒரு டீசல் ஜெனரேட்டர் இருக்கும். 1996 ஆகஸ்ட் 3-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவே இருளில் மூழ்கியதே, அப்போதுதான் அதன் அருமை பலருக்குப் புரிந்தது.

அப்படிப்பட்ட இயந்திரம் ஒன்றைப் பார்க்கச் சில ஆண்டுகளுக்கு முன் என்னை அழைத்தார்கள். ஓராண்டுக்குள் சிலிண்டர் ஹெட் கேஸ்கெட் இரண்டு முறை போய்விட்டது. போல்ட்டைச் சரியாக இறுக்கவில்லை என்று பராமரிப்புப் பிரிவில் இருந்த நம் இளைஞர் ஒருவருக்கு எச்சரிக்கைக் கடிதமும் கொடுத்து விட்டார்கள்.

நான் முதலில் கேட்டது பழைய கேஸ்கெட்டை. நல்ல வேளை, குப்பைத் தொட்டியில் கிடந்தது. இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவில் கருகியிருந்தது. ஹெட்டின் மேல் நேர்க்கோலை வைத்து, அடியில் ஃபீலர் கேஜைச் செலுத்திப் பார்த்தோம். ஹெட் வளைந்திருந்தது.

ஏன் வளைந்தது? அளவுக்கு மீறிய சூடு. ஏன் அந்தச் சூடு? ரேடியேட்டர் வெளியிலிருந்து பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது. விசிறிப் பக்கம் விளக்கடித்துப் பார்த்தால் எண்ணெயும் தூசியும் சேறுபோல் அப்பியிருந்தன. அந்த எண்ணெய், இயந்திரத்தின் பிரீத்தர் குழாயிலிருந்து புகையாக வந்தது. பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்தால் இவ்வளவு புகை வரும். ஆனால் அந்த இயந்திரம் ஓடிய மணிகளோ கொஞ்சம்.

எண்ணெயைச் சோதனைக்கு அனுப்பினோம். இரும்பும் சிலிக்கனும் அதிகம் என்று முடிவு வந்தது. சிலிக்கன் என்றால் பெரும்பாலும் மண்தூசி. தேடிப் பார்த்தால், காற்று வடிகட்டிக் குழாயின் கிளிப் தளர்ந்திருந்தது. வடிகட்டாத காற்று அந்த வழியாக உள்ளே போயிருக்கிறது. தூசி ரிங்கைத் தேய்த்தது, ரிங் தேய்ந்ததால் எண்ணெய்ப் புகை ரேடியேட்டரை அடைத்தது, அதனால் ஏறிய சூடு ஹெட்டை வளைத்தது, கடைசியில் கேஸ்கெட் கருகியது. அந்த இளைஞர் போல்ட்டை இறுக்கியதில் குற்றமே இல்லை.

ரிங், லைனர்களை மாற்றி, ஹெட்டின் முகத்தைச் சமமாகச் சீவி, ரேடியேட்டரைக் கழுவி, கிளிப்பையும் புதிதாகப் போட்டோம். எச்சரிக்கைக் கடிதம் திரும்பப் பெறப்பட்டது.

நேயர்களே, கேஸ்கெட் போவதற்கு முன் அடையாளம் காட்டும். வெளியே கசிவில்லாமல் கூலன்ட் குறையும். ரேடியேட்டரில் குமிழி வரும். வெண்புகை தொடர்ந்து வரும். எண்ணெய் தே தாரிக் நிறத்துக்கு மாறும். ஆனால் அரிதாக ஓடும் இயந்திரத்தில் ஈரக்காற்றின் நீரும் அந்த நிறத்தைத் தரும். எனவே சோதித்த பிறகே முடிவு செய்யுங்கள். எண்ணெயில் சோடியம், பொட்டாசியம் கூடியிருந்தால் கூலன்ட் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். செம்பும் ஈயமும் கூடினால் பேரிங்கைப் பாருங்கள்.

இன்னொரு பழக்கமும் கெடுதல். வாரந்தோறும் ஜெனரேட்டரைச் சுமையின்றி ஓட்டிவிட்டு, 'நன்றாக ஓடுகிறது' என்று எழுதி வைப்பார்கள். எரியாத டீசல் எண்ணெயில் கலந்து தேய்மானத்தைக் கூட்டும். குறைந்தது 30 விழுக்காடு சுமையாவது கொடுத்து ஓட்டுங்கள்.

சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். கை வைக்குமுன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். ஹெட் போல்ட்டுகளைக் கையேட்டில் உள்ள வரிசைப்படி, கட்டம் கட்டமாக இறுக்குங்கள்.

இயந்திரத்தில் வேலை செய்யும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. கழற்றிய கேஸ்கெட்டை வீசிவிடாதீர்கள். தேதி, ஓடிய மணி, சூடு, ஊற்றிய கூலன்ட் அளவு எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். நாளை பழி உங்கள் மேல் வந்தால், உங்களுக்காகப் பேசுவது அந்தக் குறிப்பேடுதான்.