காதக்கல்லின் குழிகள்

சாணையும் முழத்தையும் கையாலும், கூப்பிடு தூரத்தைக் குரலாலும் அளந்தறிந்த நம் முன்னோருக்கு, பிரதேசந்தோறும் அளவு வேறுபட்ட காதமோ, நடந்து பழகிய கால்களாலேயே விளங்கிற்று. எனினும், வழியோரத்தில் தொலைவை அறிவிக்கும் காதக்கல்லில் பொறித்த எண்ணை எழுத்தறியாத வழிப்போக்கன் எவ்வாறு வாசிப்பான்?

தர்மபுரிப் பகுதியில் அதியமான் பெருவழியில் நாட்டப்பெற்ற, ஏறத்தாழ 13-ஆம் நூற்றாண்டுக் காதக்கல்லொன்று, நாவல்தாவளத்துக்கு 29 காதம் என்று எழுத்திலும் எண்ணிலும் உரைத்ததோடு அமையாமல், பத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய குழிகளையும், ஒன்றுக்கு ஒன்றாக ஒன்பது சிறிய குழிகளையும் தாங்கி நிற்கிறது. எத்துணைக் கருணை நிறைந்த யோசனை! பொதிமாடுகளை ஓட்டிவந்த பாமரன், அந்தி மயங்கிய வேளையிலும், அக்குழிகளை விரலால் தடவியே எஞ்சிய வழியை எண்ணிக்கொண்டிருக்கலாம்.