ஓட்டை முதலில்... மணி பிறகு!

குழந்தைகளே! உங்கள் வீட்டில் பாசிமணி மாலை ஏதாவது இருக்கிறதா? எடுத்து வாருங்கள். அதில் ஒரே ஒரு மணியை மட்டும் உற்றுப் பாருங்கள். கடுகைவிடக் கொஞ்சம்தான் பெரியது. அதன் நடுவே ஊசி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை!

கண்ணாடி தரையில் விழுந்தாலே உடைந்துவிடும். அப்படியிருக்க, கடுகளவு கண்ணாடியில் ஓட்டை போட்டது யார்? எந்தக் கருவியால் போட்டார்கள்?

எங்கள் அடி அண்ணாமலை, 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் இருக்கும் ஊர். பௌர்ணமி அன்று மலையைச் சுற்றி வருகிறவர்கள் பாதையோரத்தில் பாசிமணி மாலைகளைப் பார்த்திருப்பார்கள். அம்மாவிடம் அடம்பிடித்து வாங்கிக்கொண்டவர்களும் உண்டு. ஆனால் இந்தக் கேள்வி எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கும்?

விடை இதுதான். மணியில் யாரும் ஓட்டை போடவில்லை. ஓட்டைதான் முதலில் வந்தது. மணி பிறகுதான் வந்தது!

சவ்வு மிட்டாய் ரகசியம்

திருவிழாவில் சவ்வு மிட்டாய்க்காரரைப் பார்த்திருப்பீர்கள். மிட்டாயை இழுத்து இழுத்து, உங்கள் கையில் கடிகாரமே கட்டிவிடுவார். நன்றாகச் சூடேறிய கண்ணாடியும் அப்படித்தான். உருகி, இளகி, இழுத்த இழுப்புக்கெல்லாம் வரும். ஆறினால் மறுபடியும் கெட்டியாகிவிடும்.

நம் முன்னோர் இந்தக் குணத்தைப் பயன்படுத்திக்கொண்டார்கள். நீளமான இரும்புக் குழாயின் முனையில், உலையில் உருகிய கண்ணாடியைப் பெரிய உருண்டையாகச் சேர்ப்பார்கள். ஒரு கம்பியைச் செலுத்தி, அந்த உருண்டைக்குள் ஒரு பொந்தை உண்டாக்குவார்கள். பிறகு உருண்டையின் நுனியைக் கொக்கியால் பிடித்து இழுப்பார்கள். கண்ணாடி நீள நீள, உள்ளே இருக்கும் பொந்தும் சேர்ந்து நீளும். முடிவில் நூல்போல மெல்லிய, நீண்ட கண்ணாடிக் குழாய் கிடைக்கும்.

அந்தக் குழாயைத் துண்டு துண்டாக நறுக்கினால் ஒவ்வொரு துண்டும் ஒரு மணி. ஓட்டை ஏற்கெனவே தயார்! ஆனால் நறுக்கிய விளிம்பு கூர்மையாக இருக்குமே, கழுத்தை அறுத்துவிடாதா? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். துண்டுகளைச் சாம்பலோடு கலந்து மீண்டும் சூடேற்றுவார்கள். விளிம்பு இளகி உருண்டையாகும். இடையில் சாம்பல் இருப்பதால் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதில்லை.

கண்டெடுத்தது யார்?

இந்த மணிகள் செய்யப்பட்ட பழமையான இடங்களில் மிகப் புகழ்பெற்றது, புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேடு. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் அது ஒரு துறைமுகப் பட்டினம்.

1937-ஆம் ஆண்டு வாக்கில், பிரெஞ்சு அறிஞர் ஜூவோ துப்ரேய் அங்கே மணிகளையும் கற்களையும் சேகரித்தார். அவருக்கு அவற்றைக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் யார் தெரியுமா? அந்த ஊர்ப் பிள்ளைகள்! ஆம், உங்களைப் போன்ற சிறுவர் சிறுமியர்தான். பின்னர் 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழாய்வு நடத்தினார். ரோமானிய மட்பாண்டங்கள் கிடைத்தன. அரிக்கமேட்டின் பெயர் உலகெங்கும் பரவியது.

இதே முறையில் செய்த சிறு மணிகள் ஆப்பிரிக்கா முதல் கொரியா, ஜப்பான் வரை கிடைக்கின்றன. எல்லாமே அரிக்கமேட்டில் செய்தவை அல்ல. இலங்கையின் மாந்தை உட்படப் பல ஊர்களில் இந்தத் தொழில் நடந்தது. பீட்டர் பிரான்சிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இவற்றுக்கு 'இந்தோ-பசிபிக் மணிகள்' என்று பெயரிட்டார். திருப்பதிக்கு அருகில் உள்ள பாப்பாநாயுடுபேட்டை என்ற ஊரில், கைவினைஞர்கள் அதே பழைய முறையில் குழாய் இழுத்து மணி செய்வதை அவர் நேரில் பார்த்து எழுதினார். இரண்டாயிரம் ஆண்டு வித்தை, புத்தகம் இல்லாமலேயே கைமாறிக் கைமாறி வந்திருக்கிறது!

ஒரே செம்பு, இரண்டு நிறம்

மணிகளுக்கு நிறம் எப்படி வந்தது? கண்ணாடியோடு உலோகப் பொருள்களைக் கலந்ததால் வந்தது. இதில் செம்பு ஒரு மாயக்காரன். நல்ல காற்றோட்டத்தோடு உருக்கினால் நீலமோ பச்சையோ தரும். உலையில் காற்றைக் குறைத்தால் அதே செம்பு சிவப்பு தரும். அளவு பார்க்கும் கருவி எதுவும் இல்லாத காலத்தில், நெருப்பைக் கண்ணால் பார்த்தே இதைச் சாதித்தார்கள்.

நீங்களும் செய்யலாம்

இன்று பொழுதுபோக்காகக் கண்ணாடி மணி செய்யப் பழகும் பெரியவர்கள், வேறொரு முறையில் தொடங்குகிறார்கள். களிமண் குழம்பு பூசிய கம்பியின் மேல், தீச்சுடரில் இளகிய கண்ணாடியைச் சுற்றுவார்கள். ஆறியதும் மணியைக் கம்பியிலிருந்து உருவிவிடுவார்கள். மணி மெதுவாக ஆற வேண்டும். சட்டென்று ஆறினால் விரிசல் விடும். இது கொதிக்கும் கண்ணாடி வேலை. நீங்கள் வீட்டில் செய்யவே கூடாது.

ஆனால் அதே ரகசியத்தைக் களிமண்ணில் சோதித்துப் பார்க்கலாம்.

1. நன்றாகப் பிசைந்த களிமண்ணும், விளக்குமாற்று ஈர்க்குச்சி ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். குச்சியில் எண்ணெய் தடவுங்கள்.

2. களிமண்ணைக் குச்சியின் மேல் பொதிந்து, பலகையில் வைத்து மெதுவாக உருட்டுங்கள். களிமண் மெலிந்து குச்சியோடு நீளும்.

3. மொட்டைக் கத்தியால், குச்சி வரை சுற்றி வெட்டுங்கள். ஒரே குழாயில் பத்துப் பதினைந்து மணிகள்!

4. லேசாக இறுகியதும், குச்சியைத் திருகி உருவுங்கள். நிழலில் இரண்டு நாள் காயவிட்டு வண்ணம் பூசுங்கள். சுடாத மண் என்பதால் தண்ணீர் படாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது இன்னொரு களிமண் மணியை, ஓட்டை இல்லாமல் காயவைத்து, பிறகு ஊசியால் துளைத்துப் பாருங்கள். பெரும்பாலும் உடைந்துவிடும். ஓட்டை ஏன் முதலில் வர வேண்டும் என்பது அப்போது உங்கள் கைக்கே புரியும்.

ஒரு முக்கியமான விஷயம்

உங்கள் ஊர் மேட்டிலோ, மழை அரித்த கரையிலோ பழைய மணி ஒன்று கண்ணில் படலாம். உடனே எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். மணி எந்த இடத்தில், எந்த மண் அடுக்கில், எவற்றோடு கிடந்தது என்பதை வைத்துத்தான் அதன் காலத்தை ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். எடுத்துவிட்டால் உங்களிடம் வெறும் மணி இருக்கும். அதன் கதை காணாமல் போய்விடும். இருந்த இடத்திலேயே விட்டு, இடத்தைக் குறித்துக்கொண்டு, ஆசிரியரிடமோ தாசில்தார் அலுவலகத்திலோ சொல்லுங்கள்.

பழைய மணிகளை நேரில் பார்க்க ஆசையா? புதுச்சேரி அருங்காட்சியகத்துக்கும், 2023-இல் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்துக்கும் போய் வாருங்கள். கண்ணாடிப் பேழைக்கு முன்னால் நின்று, கூட வந்த அப்பா அம்மாவிடம் கேளுங்கள்: "இதுல ஓட்டை போட்டது யாரு, சொல்லுங்க பார்ப்போம்?"