தொடக்க வட்டு

குறிஞ்சிப்பாடிக்கு அணித்தேயுள்ள நெய்வேலியில் 1962-ஆம் ஆண்டு முதல் பழுப்பு நிலக்கரியால் மின்சாரம் ஆக்கப்பெறுகின்றது. அனல்மின் நிலையம் ஒன்று முற்றும் நின்றுவிடின், நிலக்கரி மலைபோற் குவிந்திருப்பினும் அது தானே எழாது. கொதிகலனுக்கு நீரேற்றும் பம்புகளும் காற்றூதும் விசிறிகளும் சுழல்வதற்கே மின்சாரம் வேண்டும். அது வெளியிலிருந்து வருதல் வேண்டும். 2012-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் வட இந்திய மின்தொகுப்பு வீழ்ந்தபோது, அனல் நிலையங்கள் பல நீர்மின் நிலையம் முதலியவற்றின் துணைகொண்டே மீண்டும் எழுந்தன.

கணினிக்கும் இந்நிலை உண்டு. பலர்க்கும் வேண்டிய செய்திகளைச் சேமித்து வைத்து, கேட்டார்க்குக் கேட்டதை அளிக்கும் கணினியைச் சர்வர் என்பர். உணவு விடுதியிற் பரிமாறுவோரையும் நம்மவர் அப்பெயராலேயே அழைப்பது பொருத்தமே. விசையை அழுத்தியதும், கணினியின் பலகையிற் பதிந்துள்ள சிறு நிரல் ஒன்று விழித்துத் தொடக்க வட்டைத் தேடும். அவ்வட்டிலுள்ள மற்றொரு நிரல், பெரிய இயக்க முறைமையை நினைவகத்தில் ஏற்றும். பழைய மேசைக் கணினிகளில் இதன் தொடக்கம் வட்டின் முதல் 512 பைட்டுகளுள் அடங்கியிருந்தது. இன்றைய யூனிகோடு முறையில் எழுதின், அவ்விடம் ஒரு சில குறட்பாக்களையே கொள்ளும்.

இவ்வட்டு பழுதுற்றால் சர்வர் எழாது. பள்ளியின் மதிப்பெண் ஏடும் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கும் அழிந்தனவென்று காண்போர் நடுங்குவர். அவை வேறு வட்டில் வைக்கப்பட்டிருப்பின் பெரும்பாலும் நலமாகவே இருக்கும். களஞ்சியம் திறக்கவில்லை, நெல் உள்ளேயே இருக்கின்றது.

பதற்றத்தாற் புதிய இயக்க முறைமையை உடனே நிறுவ முற்படுதலே பெருங்கேடு. வட்டுகள் உருவில் ஒத்திருக்கும். கணினி அவற்றுக்கு இடும் பெயரும் மாறக்கூடும். தவறான வட்டைச் சுட்டிவிடின், பழுதுக்குத் தப்பிய கணக்குகள் அக்கணமே அழியும். ஆதலின் அறிந்தோர் ஒவ்வொரு வட்டின் வரிசை எண்ணையும் அது இருந்த இடத்தையும் முதலிற் குறித்துக்கொள்வர். பின்னர் யூ.எஸ்.பி. கோலிலுள்ள வேறோர் இயக்க முறைமையாற் கணினியை எழுப்புவர். வெளியிலிருந்து பெறும் தொடக்க மின்சாரம் போன்றது இது. தரவு வட்டுகளைப் படிக்க மட்டும் இயலுமாறு திறந்து, யாவற்றையும் படியெடுப்பர். அதன்பின் அவற்றின் இணைப்பை நீக்கிவிட்டே, புதிய தொடக்க வட்டில் இயக்க முறைமையை நிறுவுவர்.

பயனர் பெயர்களும் அமைப்புக் குறிப்புகளும் பழைய தொடக்க வட்டோடு போயிருக்கும். அவற்றின் படி இல்லையேல் மீண்டும் அமைக்கப் பல நாள் செல்லும். தரவு மறைகுறியில் பூட்டப்பட்டு, அதன் திறவுகோல் அவ்வட்டில் மட்டுமே இருந்திருப்பின், வட்டு நலமாயிருந்தும் கணக்கு மீளாது. அத்திறவுகோலைத் தாளில் அச்சிட்டு வேறோர் இடத்திற் பூட்டி வைக்கும் அலுவலகங்கள் உண்டு.