விறகைக் காயவைப்பது வெயிலா, காற்றா?

மாணவர்களே, ஈர விறகை அடுப்பில் வைத்தால் என்ன ஆகும்? கண் எரியும், பானை சூடேறாது. காரணம் விறகுக்குள் இருக்கும் தண்ணீர்.

வெட்டிய புதிதில் ரப்பர் மரத்தின் எடையில் ஏறக்குறைய 40 விழுக்காடு நீர்தான். ஒரு கிலோ பச்சை விறகிலுள்ள 400 கிராம் நீரை ஆவியாக்கவே சுமார் 1,000 கிலோஜூல் வெப்பம் செலவாகும். மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அந்த வெப்பம் போதும். அதைவிடப் பெரிய கேடு, நெருப்பு குளிர்ந்துபோவது. அப்போது விறகு அரைகுறையாக எரியும்; புகை சமைப்பவரின் நுரையீரலுக்குள் போகும்.

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் 25, 30 ஆண்டு பால் கொடுத்து ஓய்ந்த மரங்களை வெட்டி மறுநடவு செய்வார்கள். அந்த மரங்கள் வீட்டு அடுப்புக்கும், ரப்பர் தகடுகளை உலர்த்தும் புகைக்கூடத்துக்கும் விறகாயின. அந்த விறகை எப்படிக் காயவைப்பது?

வெட்டவெளியில் போட்டால்: பகலில் காய்ந்தது மாலை மழையில் நனையும். நாட்டிலேயே மழை குறைந்த பகுதியான ஜெலுபுவில்கூட ஆண்டுக்கு 1,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். ஈரம் நீடித்தால் பூஞ்சணம் படரும், வண்டு துளைக்கும்.

கூரையடியில் அடுக்கினால்: மரத்தின் நீர் பட்டை வழியே எளிதில் வெளியேறாது, பிளந்த பக்கங்களிலும் வெட்டுமுனைகளிலும்தான் வெளியேறும். ஆகவே, விறகைப் பிளந்து, தரையில் படாமல், இடைவெளி விட்டு அடுக்க வேண்டும். மேலே தகரம் போதும், பக்கங்கள் திறந்திருக்கட்டும். வீசும் காற்று ஈரத்தை அள்ளிச் செல்லும். தார்ப்பாயால் முழுவதும் மூடினால் ஈரம் உள்ளேயே தங்கும்.

அடுப்புக்கு மேலே பரணில் வைத்தால்: சூடான காற்று விரைவாக ஈரத்தை வாங்கும். தளவாட ஆலைகளின் உலர்த்தும் அறைகளும் இப்படித்தான் வேலை செய்கின்றன. ஆனால் பரணில் கொஞ்சம்தான் வைக்க முடியும். தீப்பொறி பட்டால் ஆபத்து.

நம் ஊருக்கு ஏற்றது இரண்டாவது முறையே. நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். ஒரே மரத்தில் வெட்டிய, ஒரே அளவுள்ள இரண்டு துண்டுகளை எடுங்கள். ஒன்றை வெட்டவெளித் தரையிலும் மற்றதைக் கூரையடியிலும் வையுங்கள். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து எழுதுங்கள். எடை குறைந்துகொண்டே வந்து ஒரு கட்டத்தில் நின்றுவிடும். நம் ஈரக்காற்றில் மரம் அதற்கு மேல் காயாது. அந்த நிலையை முதலில் எட்டும் துண்டு எது என்று உங்கள் குறிப்பேடே சொல்லும்.