அஞ்சறைப் பெட்டியும் கம்ப்யூட்டரும்

சமையலறையில் அஞ்சறைப் பெட்டி இருக்கிறது. கடுகு ஓர் அறையில். சீரகம் ஓர் அறையில். மிளகு ஓர் அறையில். ஏன் பிரித்து வைக்கிறோம்? ஒன்றோடு ஒன்று கலக்கக் கூடாது. தேடாமல் கையில் கிடைக்க வேண்டும்.

கம்ப்யூட்டருக்குள்ளும் ஒரு பெட்டி உண்டு. அதன் பெயர் ஹார்டு டிஸ்க். கணக்கு, கடிதம், போட்டோ எல்லாம் அதில்தான் பதிவாகின்றன. மின்சாரம் போனாலும் பதிந்தது அழியாது. 1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் முதல் ஹார்டு டிஸ்க்கைச் செய்தது. அதில் 50 தட்டுகள் இருந்தன. பீரோவை விடப் பெரியது! இன்று உள்ளங்கையில் அடங்கிவிடும்.

பிரிப்பது ஏன்?

ஹார்டு டிஸ்க்கையும் அறை அறையாகப் பிரிக்கலாம். விண்டோஸ் கம்ப்யூட்டரில் இந்த அறைகளுக்கு சி, டி, இ என்று பெயர். ஏ, பி எங்கே? அந்த எழுத்துகளை முன்பு பிளாப்பிக்குக் கொடுத்துவிட்டார்கள்.

சி அறையில் விண்டோஸ் இருக்கும். நம் கணக்குகளை டி அறையில் வைக்கலாம். விண்டோஸ் கெட்டுப்போனால் சி-யை மட்டும் அழித்துவிட்டு மறுபடி ஏற்றலாம். டி-யில் உள்ளவை அப்படியே இருக்கும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். டெஸ்க்டாப்பில் வைப்பவை பொதுவாக சி-யில்தான் இருக்கும். சி-யை அழித்தால் அவையும் போய்விடும்.

அறை பிரிக்கும் முன் எல்லாவற்றுக்கும் வெளியே ஒரு நகல் எடுக்க வேண்டும். வேலை நடக்கும்போது மின்சாரம் போகக் கூடாது. 'ஃபார்மட்', 'டெலீட்' என்ற சொற்கள் திரையில் வந்தால் அவசரப்படக் கூடாது. தவறான அறையை அழித்தால் திரும்பப் பெறுவது கடினம்.

பிரித்தால் போதுமா?

போதாது. அஞ்சறைப் பெட்டி தண்ணீரில் விழுந்தால் என்ன ஆகும்? ஐந்து அறையும் நனையும். அதுபோல ஹார்டு டிஸ்க் பழுதானால் சி-யும் போகும், டி-யும் போகும். 2017 மே மாதம் 'வான்னக்ரை' என்ற வைரஸ் சுமார் 150 நாடுகளில் பரவியது. கம்ப்யூட்டரில் இருந்தவற்றைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அறைச் சுவர் அதைத் தடுக்கவில்லை.

ஒரு மகளிர் குழுவின் சேமிப்பும் கடனும் ஒரே கம்ப்யூட்டரில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அது பழுதானால் யார் எவ்வளவு கட்டினார் என்று எப்படிச் சொல்வது? கணக்கோடு நம்பிக்கையும் போய்விடும்.

இதற்கு வழி என்ன?

1. முக்கியமானவை மொத்தம் 3 இடங்களில் இருக்கட்டும்.
2. அவை 2 வகைப் பொருள்களில் இருக்கட்டும். கம்ப்யூட்டரில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று.
3. ஒன்றாவது வேறு கட்டடத்தில் இருக்கட்டும்.

நகல் எடுத்ததும் பென் டிரைவைக் கழற்றிவிட வேண்டும். செருகியே இருந்தால் வைரஸ் அதற்கும் தாவும். அவ்வப்போது நகலைத் திறந்தும் பார்க்க வேண்டும். திறக்காத நகல் இருந்தும் பயனில்லை.

விடை சொல்லுங்கள்

1. டி அறையில் வைத்த கணக்கு எப்போது தப்பும்? எப்போது தப்பாது?
2. உங்கள் குழுவின் கணக்கு இப்போது எத்தனை இடங்களில் இருக்கிறது?