தச்சு வேலையின் விலையும் பயனும்

உண்டி, உடை என்பவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கது உறையுள். அதனை அமைக்குங்கால் செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் தயங்காது பொருள் ஈவோர், நிலைக்கும் கதவுக்கும் தச்சர் கூறும் தொகையைக் கேட்டவுடன் திடுக்கிடுகின்றனர். "கடையில் ஆயத்தமாக உள்ள கதவு குறைந்த விலைக்குக் கிடைக்குமே" என்பர். அக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. எனினும், அளவெடுத்துச் செய்விக்கும் வேலைக்கு நாம் எதன்பொருட்டு மிகுதியாகக் கொடுக்கின்றோம் என்பதை ஆராய்தல் நன்று.

முதலாவது மரம். 7 அடி உயரமும் 3½ அடி அகலமும் உள்ள நிலைக்குப் பக்கக் கால்கள் 14 அடி, மேற்கட்டையும் கீழ்ப்படியும் 7 அடி, ஆக 21 அடிச் சட்டம் வேண்டும். அச்சட்டம் 5 அங்குல அகலமும் 3 அங்குலக் கனமும் உடையதாயின், மரம் 2 கன அடிக்குச் சற்று மேற்படும். வெளிற்றை நீக்கி வைரத்தை மட்டும் கொள்ளுங்கால் கழிவும் சேரும். அறுப்புத் தூளும் இழைப்புச் சுருளும் நாம் விலை கொடுத்து வாங்கிய மரமேயாம்.

இரண்டாவது காலம். பச்சைத் தேக்கு முற்றும் உலருங்கால், அறுத்த விதத்திற்கேற்ப, அகலத்தில் நூற்றுக்கு 2 முதல் 6 பங்கு வரை சுருங்கும். நீளத்திலோ சுருக்கம் மிகச் சொற்பம். ஆதலின் மரத்தை உலர்த்திய பின்னரே வேலை தொடங்கல் வேண்டும். தேர்ந்த தச்சர் கதவின் நடுப்பலகையை ஒட்டிவிடாது, சட்டத்தின் காடியில் சிறிது இடம் விட்டுச் செருகுவர். மழையில் பலகை விரியினும் கோடையிற் சுருங்கினும் கதவு பிளவாது.

மூன்றாவது பொருத்து. ஒரு சட்டத்தில் உளியால் துளை பொளிந்து, மற்றதன் முனையைக் கழுந்தாகச் செதுக்கி இறுகச் செருகுவர். ஆணி மட்டும் அறைந்த மூலை நாளடைவில் தளரும். கழுந்து எளிதில் தளராது. பழுதுற்றால் கழற்றிச் செப்பனிடவும் கூடும். நல்ல வேலையின் நீடிப்புக்குச் செட்டிநாடே சான்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அங்கே எழுந்த மாளிகைகள் பலவற்றிற்குப் பர்மாத் தேக்கு வந்தது. அவற்றுட் சில பிற்காலத்தில் இடிக்கப்பட்டபோதும், கதவுகளும் தூண்களும் காரைக்குடிக் கடைகளில் விலைபோய் வேறு வீடுகளில் நிற்கின்றன.

நிற்க. யாவற்றையும் செய்வித்தே தீரல் வேண்டும் என்பது எம் கருத்தன்று. ஒட்டுப்பலகை மெல்லிய தகடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி ஆக்கப்படுவதால் மிகுதியாகச் சுருங்காது; உள்ளறை அலமாரிக்கு அது போதும். தலைவாயிலுக்கும், அளவு ஒவ்வாத பழைய சுவர்களுக்குமே செய்விக்கும் வேலை சிறந்தது. அங்கும் ஆண்டுக் கணக்கே தக்க கணக்கு. ஒரு பங்கு விலையுள்ள கதவு 10 ஆண்டும், மூன்று பங்கு விலையுள்ளது 60 ஆண்டும் உழைக்குமெனக் கொள்வோம். ஆண்டுச் செலவில் பின்னது முன்னதிற் பாதியேயாகும்.

கூலியை வரம்பின்றிக் குறைப்போர் ஒன்றை மறக்கின்றனர். போதாத தொகைக்கு இணங்கிய தச்சர் குறைப்பது புறத்தே தோன்றும் மெருகை அன்று. உள்ளே மறைந்த கழுந்தையும், மரம் உலர வேண்டிய நாட்களையுமே. ஈரமரத்தால் விரைந்து செய்த கதவு கடைக் கதவினும் கீழானது. மாணவ நண்பர்களே! நாளை நீவிர் வீடு கட்டுங்கால், விலையை வினவுமுன் மரம் உலர்ந்ததா என்றும், கழுந்து முழுதும் இறங்கியதா என்றும் வினவுவீராக.